ரொறன்ரோவில் பின்வளவு ஷெட்: கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வீடு வாங்கி ஒரு குளிர்காலம் கழிந்ததும் கராஜுக்குள் கார் விட இடமிருக்காது. புல்வெட்டும் மெஷின், பனி தள்ளும் சவள், பிள்ளைகளின் சைக்கிள், கழற்றி வைத்த நாலு டயர் எல்லாம் அங்கேதான் குவியும். பின்வளவில் ஒரு ஷெட் போடலாமா என்ற யோசனை அப்போதுதான் வரும். பெர்மிட் வேண்டுமா என்று நாலு பேரைக் கேட்டால் நாலு பதில் கிடைக்கும். ஒருவர் 108 சதுர அடி வரை தேவையில்லை என்பார். அடுத்தவர் 160 என்பார். மற்றவர் யூடியூப்பில் 200 என்று பார்த்திருப்பார். நாலாமவர், "யார் வந்து பார்க்கப் போகிறார்கள், சும்மா போடுங்கோ" என்பார்.

முதல் மூவரும் பொய் சொல்லவில்லை. 108 சதுர அடி, அதாவது 10 சதுர மீட்டர், ஷெட்டுக்கு ஒன்ராறியோவில் இருந்த பழைய கணக்கு. 2022 ஜூலையில் அதை 15 சதுர மீட்டராக உயர்த்தினார்கள், ஏறக்குறைய 161 சதுர அடி. யூடியூப்பில் வரும் 200 அமெரிக்காவின் பல ஊர்களில் உள்ள விதி, இங்கே செல்லாது. நாலாமவரின் பேச்சுக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பெர்மிட் தேவையா என்பதைத் தீர்மானிப்பது மாகாணத்தின் கட்டட விதித் தொகுப்பு. அது ஒன்ராறியோ முழுவதற்கும் ஒன்றே. ஷெட் எங்கே நிற்கலாம், எவ்வளவு உயரம், எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதெல்லாம் நகரசபையின் ஸோனிங் விதி. அது ஊருக்கு ஊர் மாறும். மாகாணம் "பெர்மிட் வேண்டாம்" என்று விட்டுவிட்டாலும் நகரசபை விடாது. ஷெட் விஷயத்தில் சிக்கிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சிக்குகிறார்கள்: அளவு சரியாக இருக்கும், வைத்த இடம் பிழையாக இருக்கும்.

கீழே வரும் ஸோனிங் கணக்குகள் ரொறன்ரோ நகருக்கு உரியவை. மார்க்கம், ஏஜக்ஸ், பிக்கரிங், பிரம்ப்டன், மிசிசாகா எல்லாவற்றுக்கும் தனித்தனி விதி உண்டு. ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டினாலே எண்கள் மாறும் என்று வையுங்கள்.

1. ஷெட்டுக்குள் என்ன நடக்கப் போகிறது?

அளவைப் பற்றி யோசிக்க முதல் இதைக் கேளுங்கள். 15 சதுர மீட்டர் வரையான பெர்மிட் விலக்கு சாமான் வைக்கும் ஷெட்டுக்கு மட்டும்தான். ஐந்து நிபந்தனைகளும் ஒன்றாகப் பொருந்த வேண்டும்: பரப்பு 15 சதுர மீட்டருக்கு மேல் போகக்கூடாது, ஒரே தளமாக இருக்க வேண்டும், வீட்டோடோ வேறு எந்தக் கட்டுமானத்தோடோ ஒட்டியிருக்கக்கூடாது, அந்தக் காணியில் உள்ள வீட்டுக்குத் துணையாகப் பொருள் வைக்க மட்டுமே பயன்பட வேண்டும், தண்ணீர்க் குழாயோ கழிவுக் குழாயோ இருக்கக்கூடாது.

நம்மவர்களின் திட்டங்கள் இந்த நாலாவதிலும் ஐந்தாவதிலும்தான் தடுக்கி விழுகின்றன. மீன் பொரிக்கும் வாசம் வீட்டுக்குள் வராமலிருக்கப் பின்னால் ஒரு சின்னக் குசினி, பிள்ளைக்கு மிருதங்கம் பழக ஒரு அறை, வீட்டிலிருந்து வேலை செய்ய ஓர் அலுவலகம், ஒரு ஜிம். எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் இவை ஷெட் ஆகா. 10 சதுர மீட்டரைத் தாண்டினாலோ குழாய் இருந்தாலோ பெர்மிட் வேண்டும். ஒரு கை கழுவும் தொட்டி வைத்தாலே விலக்கு போய்விடும். ஆள் படுக்க இடம் வேண்டுமென்றால் அது வேறு உலகம். அதற்கு கார்டன் சூட், அதாவது பின்வளவில் தனித்து நிற்கும் சின்ன வீடு, என்று ஒரு வழி உண்டு. ரொறன்ரோ நகரசபை 2022 பெப்ரவரியில் அதற்கு அனுமதி கொடுத்தது. முழு வரைபடம், பெர்மிட், குழாய், தீயணைப்பு வண்டி வந்து சேரும் பாதை எல்லாம் பார்ப்பார்கள். ஷெட் என்று சொல்லிக் கட்டி உள்ளே ஆளை இருத்துவதற்கு நான் ஒருநாளும் வழி சொல்ல மாட்டேன். தீப்பிடித்தால் என்ன நடக்கும் என்று யோசித்தாலே போதும்.

ஒட்டியிருக்கக்கூடாது என்பதிலும் கவனம் தேவை. கராஜ் சுவரில் சாய்த்து ஒரு பக்கக் கூரை இறக்குவது, டெக்கோடு சேர்த்து ஆணி அடிப்பது இரண்டும் ஒட்டியதாகவே கணக்காகும். நாலு பக்கமும் தனித்து நிற்கட்டும்.

2. அளவு: பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள்

கடைகளில் விற்கும் ஷெட்கள் அடிக் கணக்கில் வரும். 8க்கு 10, 10க்கு 12, 12க்கு 12 எல்லாம் பயமில்லாமல் உள்ளே அடங்கும். 12க்கு 12 என்பது 13.4 சதுர மீட்டர்தான். 12க்கு 14 போனால் 15.6, அதாவது பெர்மிட் வேண்டும்.

சிக்கல் 10க்கு 16இல். கணக்குப்படி 160 சதுர அடி, 14.86 சதுர மீட்டர். மயிரிழையில் உள்ளே. ஆனால் பரப்பை அளப்பது வெளிச்சுவரின் வெளிப்பக்கத்திலிருந்து. பல தயாரிப்பாளர்கள் 10க்கு 16 என்று சொல்வது தரைச் சட்டத்தின் அளவை. அதன்மேல் பலகையும் சைடிங்கும் ஏறி ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம் கூடினால் 15.27 சதுர மீட்டர் ஆகிவிடும். பெர்மிட் இல்லாத ஷெட்டாகத் தொடங்கியது பெர்மிட் வேண்டிய கட்டடமாக முடிந்திருக்கும். ஆகவே ஓடர் பண்ண முதல் வெளிச்சுவர் அளவை எழுத்தில் கேளுங்கள். என்னைக் கேட்டால் 10க்கு 14 எடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்பேன்.

3. சர்வேயைத் தேடி எடுங்கள்

வீடு வாங்கியபோது வக்கீல் தந்த கட்டுக்குள் காணியின் சர்வே வரைபடம் இருக்கலாம். இல்லையென்றால் முந்தைய உரிமையாளரின் முகவரைக் கேட்கலாம். எங்குமே கிடைக்காமல் போனால், அதிலும் எல்லைக்கு நெருக்கமாக வைக்கப் போகிறீர்கள் என்றால், சர்வேயரைக் கூப்பிடுவது வீண் செலவு ஆகாது.

வேலியை எல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்காபரோவின் பழைய தெருக்களில் வேலி அரை அடி, ஒரு அடி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்திருப்பது சாதாரணம். சட்டம் பார்ப்பது சர்வேயில் உள்ள கோட்டை.

சர்வேயிலும் வீட்டுப் பத்திரத்திலும் ஈஸ்மென்ட் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம், தொலைபேசி, மழைநீர்க் குழாய் போவதற்காக உங்கள் காணியிலேயே ஒரு துண்டை வேறு ஒருவர் பயன்படுத்தும் உரிமை அது. பெரும்பாலும் பின் எல்லையோரமாகவே ஓடும். ஷெட் வைக்க ஆசைப்படும் மூலையும் அதுவாகவே இருக்கும். அங்கே கட்டினால், குழாய் திருத்த வருகிறவர்கள் கழற்றச் சொல்லலாம். செலவு உங்களுடையது.

புதுக் குடியிருப்புகளில் இன்னொன்று: இரண்டு வீட்டுக்கு நடுவிலோ பின் வேலியோரமாகவோ புல்லுக்குள் ஆழமில்லாத ஒரு பள்ளம் ஓடும். அழகுக்காக விட்டதல்ல, மழைத் தண்ணீர் வடிய வெட்டிய வாய்க்கால். அதை நிரப்பி ஷெட் வைத்தால் அடுத்த பெருமழையில் பக்கத்து வீட்டு நிலவறைக்குள் தண்ணீர் போகும். அதற்குப் பிறகு பேச்சு ஷெட்டைப் பற்றியதாக இருக்காது.

டவுன்ஹவுஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் வீடு காண்டோ நிர்வாகத்தின் கீழ் இருந்தால் பின்வளவு பெரும்பாலும் பொதுச் சொத்துதான், உங்களுக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டும். நிர்வாகத்தின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் அதையே வாங்கவும்.

4. ஸோனிங் கணக்கு

ரொறன்ரோவின் பெரும்பகுதிக்கு 569-2013 என்ற ஸோனிங் சட்டம் பொருந்தும். நகரசபையின் இணையத்தளத்தில் ஸோனிங் வரைபடம் இருக்கிறது. முகவரியைப் போட்டால் உங்கள் காணி எந்த வகை என்று காட்டும். பார்த்தும் குழப்பமாக இருந்தால் நகரசபையின் தொலைபேசிச் சேவையான 311க்கு அழையுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், வெட்கப்படத் தேவையில்லை.

உயரம்: வீட்டிலிருந்து 1.8 மீட்டருக்குள் ஷெட் நின்றால் 2.5 மீட்டர்தான், அதாவது 8 அடி 2 அங்குலம். அதைவிடத் தள்ளி நின்றால் 4 மீட்டர் வரை போகலாம். கூர்க்கூரை வைத்த ஷெட் பலவும் 2.5 மீட்டரைத் தாண்டும். அப்படியானதை வீட்டுச் சுவரோரம் வைக்க முடியாது.

எல்லை இடைவெளி: வீட்டிலிருந்து தள்ளிப் பின்வளவில் நிற்கும் சின்ன ஷெட்டுக்குப் பொதுவாக 0.3 மீட்டர், ஓரடி. மூலைக் காணிக்கு வேறு கணக்கு. நீளமான காணியில் ஷெட் பெரிதாகவோ உயரமாகவோ இருந்தால் இடைவெளியும் கூடும். ஓரடி என்பது சட்டத்தின் குறைந்தபட்சம். நடைமுறையில் இரண்டடியாவது விடுங்கள். ஓரடிச் சந்துக்குள் நுழைந்து சைடிங் திருத்தவும் முடியாது, களை பிடுங்கவும் முடியாது. கூரைத் தண்ணீர் உங்கள் பக்கமே விழ வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

அடுத்து வருவதை அநேகமாக யாருமே பார்ப்பதில்லை. காணியில் உள்ள துணைக் கட்டடங்கள் எல்லாம் சேர்ந்து காணிப் பரப்பின் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வீட்டிலிருந்து தனித்து நிற்கும் கராஜும் இதற்குள் வரும். 30 அடி அகலம், 120 அடி நீளமுள்ள காணி என்றால் 3,600 சதுர அடி. பத்துச் சதவீதம் 360. பின்னால் ஏற்கெனவே 12க்கு 20 கராஜ் இருந்தால் 240 போய்விட்டது. மிச்சம் 120. ஆக உங்களால் போட முடிந்தது 10க்கு 12 தான், அதுவும் துல்லியமாக. மாகாணம் 15 சதுர மீட்டர் வரை பெர்மிட் வேண்டாம் என்று சொல்வது இங்கே உதவாது.

புல்வெளிக் கணக்கும் அப்படித்தான். முகப்பு அகலம் 6 மீட்டருக்கு மேற்பட்ட காணியில் பின்வளவின் பாதி புல், செடி, மரம் என்று மண்ணாக இருக்க வேண்டும். 6 மீட்டரோ அதற்குக் குறைவோ என்றால் கால்வாசி. நம் வீடுகளில் இன்டர்லொக் கல் பதிக்கும் ஆசை கொஞ்சம் அதிகம், ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். 1,500 சதுர அடிப் பின்வளவில் ஏற்கெனவே 650 சதுர அடிக்குக் கல் பதித்திருந்தால் ஷெட்டுக்கு மிச்சம் 100 சதுர அடி. 10க்கு 12 வேண்டுமென்றால் கொஞ்சக் கல்லைக் கிளப்ப வேண்டியதுதான்.

இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டால் விலக்குக் கேட்டு கமிட்டி ஆஃப் அட்ஜஸ்ட்மென்ட் என்ற குழுவிடம் போகலாம். விண்ணப்பக் கட்டணம் உண்டு, 60 மீட்டருக்குள் உள்ள வீடுகளுக்கெல்லாம் அறிவித்தல் போகும், விசாரணை நடக்கும். வீட்டை நீட்டிக் கட்டுகிறவர்களுக்கு அது சரி. ஒரு ஷெட்டுக்காக அந்தப் பாடு தேவையில்லை. ஷெட்டைச் சின்னதாக்குங்கள்.

5. மரமும் பள்ளத்தாக்கும்

ரொறன்ரோவில் உங்கள் சொந்த மரம் என்றாலும் 1.4 மீட்டர் உயரத்தில் அளக்கும்போது விட்டம் 30 சென்ரிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், அதை வெட்டவோ காயப்படுத்தவோ தனி அனுமதி வேண்டும். தையல் டேப்பால் சுற்றளவைப் பாருங்கள். 94 சென்ரிமீட்டர் வந்தால் மரம் அந்த வகைதான். வேரை வெட்டுவதும் காயப்படுத்துவதே. 30 முதல் 40 சென்ரிமீட்டர் மரத்துக்கு அடிமரத்திலிருந்து 2.4 மீட்டர் வரை காப்புப் பகுதி. மரம் பருத்தால் அதுவும் கூடும். அதற்குள் தோண்டக்கூடாது, கல் கொட்டக்கூடாது, மண்ணை இறுக்கக்கூடாது. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் பக்கத்து வீட்டு மேப்பிளுக்கும் இதே விதி. அதன் வேர் உங்கள் வளவுக்குள் இருந்தாலும்தான்.

ஹைலண்ட் கிரீக், ரூஜ் ஆறு, டொன் ஆறு இவற்றின் சரிவை ஒட்டிய வீடுகளுக்கு இன்னும் இரண்டு படி. ஒன்று, நகரசபையின் ரவீன் (பள்ளத்தாக்கு) பாதுகாப்புச் சட்டம். மற்றது, ரொறன்ரோ வட்டார இயற்கைவளப் பாதுகாப்பு அதிகாரசபை, டி.ஆர்.சி.ஏ. என்பார்கள். வெள்ளம் வரக்கூடிய இடம், சரிவு, சதுப்பு எல்லாம் அவர்கள் கட்டுப்பாட்டில். உங்கள் முகவரி அதற்குள் வருகிறதா என்று அவர்களின் இணைய வரைபடத்தில் பார்க்கலாம். வந்தால் முதலில் அவர்களிடம் எழுதிக் கேளுங்கள்.

6. தோண்டுவதும் மின்சாரமும்

சின்ன ஷெட்டுக்கு ஆழமான அத்திவாரம் வேண்டாம். இங்கே உறைபனி இறங்கும் ஆழத்தைக் கணக்கில் எடுத்து வீடுகளுக்கு 1.2 மீட்டர் தோண்டுவார்கள். ஷெட்டுக்குப் புல்லைச் சுரண்டி, நொறுக்கிய கல்லை நாலு முதல் ஆறு அங்குலம் போட்டு இறுக்கி, அதன்மேல் மருந்தேற்றிய மரச் சட்டத்தில் வைத்தால் போதும். பனிக்காலத்தில் கொஞ்சம் எழும்பும், கோடையில் இறங்கும், சேர்ந்தே ஆடுவதால் உடையாது. அடியில் கம்பி வலை அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்கங்க் குடிவரும், வாடகையும் தராது. ஷெட்டுக்குக் கட்டட விதி விலக்கு என்பதால் கூரை பனிப் பாரம் தாங்குமா என்று யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். மெல்லிய தகர ஷெட்டை மலிவு என்று வாங்க முதல் அதை நீங்களே யோசிக்க வேண்டும்.

ஒரு தூணுக்குக் குழி தோண்டுவதானாலும் நிலத்தடிக் குழாய், வயர்களைக் குறிக்க ஏற்பாடு செய்யும் ஒன்ராறியோ வன் கோல் என்ற அமைப்புக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். இது சட்டம், சேவை இலவசம். குறைந்தது ஐந்து வேலை நாள் முன்பே கேளுங்கள். வசந்த காலத்தில் ஊரே தோண்டும், இன்னும் தாமதமாகலாம். நிலத்தடி எரிவாயு, மின்சார, தொலைபேசி வயர்களை வந்து நிறத்தால் குறித்துவிட்டுப் போவார்கள். ஆனால் உங்கள் சொந்த வயரை அவர்கள் குறிப்பதில்லை. வீட்டிலிருந்து கராஜுக்குப் போகும் மின்சாரம், பார்பிக்யூவுக்கு இழுத்த எரிவாயு இவற்றைக் குறிக்கத் தனியார் ஆளைப் பிடிக்க வேண்டும்.

ஷெட்டுக்குள் ஒரு பல்ப் வேண்டுமென்றாலும் அது மின்வேலை. ஷெட்டுக்குப் பெர்மிட் விலக்கு என்பதால் வயருக்கும் விலக்கு என்று ஆகிவிடாது. மாகாணத்தின் மின் பாதுகாப்பைக் கவனிக்கும் எலக்ட்ரிக்கல் சேஃப்டி அதாரிட்டிக்கு அறிவித்தல் போட்டு, அவர்கள் பார்க்க வேண்டும். காசு கொடுத்துச் செய்விப்பதானால் லைசென்ஸ் உள்ள மின் ஒப்பந்தகாரரையே பிடியுங்கள். தெரிந்த தம்பி ஒருவர் வந்து மலிவாக இழுத்துத் தருவார் என்பதெல்லாம் வேண்டாம். வெளிச்சம் மட்டும்தான் வேண்டுமென்றால் பற்றரியில் எரியும் சூரிய ஒளி விளக்கு ஒன்றை மாட்டிவிட்டு இந்த அலுவலையே தவிர்க்கலாம்.

7. பெர்மிட் வேண்டும் என்று ஆகிவிட்டால்

பயப்பட ஒன்றுமில்லை. விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம். சர்வேயின் மேல் ஷெட் நிற்கும் இடத்தையும் எல்லைத் தூரங்களையும் குறித்த வரைபடம், தரைப்படம், நாலு பக்கத் தோற்றம், அத்திவாரமும் கூரையும் தெரியும் வெட்டுமுகம் இவை வேண்டும். சொந்த வீட்டுக்கு நீங்களே வரையலாம், அளவுகள் துல்லியமாக இருந்தால் சரி. எல்லைக்கு மிக அருகில் சுவர் வந்தால் தீ தாங்கும் தரம் கேட்பார்கள். எல்லாம் முழுமையாக இருந்தால் 10 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஏதாவது குறைந்தால் அந்தக் கணக்கு ஓடாது. ஆகவே அவசரப்பட்டு அரைகுறையாக அனுப்பாதீர்கள். பெர்மிட் கிடைத்து ஆறு மாதத்துக்குள் வேலையை உண்மையாகத் தொடங்காவிட்டால் அதை ரத்துச் செய்யலாம். கட்டும்போது சொல்லப்பட்ட கட்டங்களில் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட வேண்டும், மூடிவிட்டுக் கூப்பிட்டால் திறக்கச் சொல்வார்.

சரி, நாலாமவரின் பேச்சுக்கு வருவோம். உண்மையில் நகரசபை ஆட்கள் ஒவ்வொரு பின்வளவாக எட்டிப் பார்ப்பதில்லை. அவர்கள் பெரும்பாலும் வருவது யாரோ 311க்கு முறையிட்ட பிறகு. முறையிடுகிறவர், வெயில் மறைகிறது என்றோ தண்ணீர் தன் பக்கம் வருகிறது என்றோ கோபம் கொண்ட பக்கத்து வீட்டுக்காரர். ஆகவே ஓடர் பண்ண முதல் அவரிடம் போய், இந்த இடத்தில் இவ்வளவு உயரத்துக்கு ஒன்று வைக்கப் போகிறேன் என்று சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்கும் தேவை சட்டத்தில் இல்லை. ஆனால் அவருக்கு அது முன்பே தெரிந்திருப்பது நல்லது.

முறைப்பாடு வந்து விதி மீறல் உறுதியானால் எழுத்தில் உத்தரவு வரும்: திருத்து, நகர்த்து, அல்லது கழற்று. பெர்மிட் இல்லாமல் கட்டியிருந்தால் பின்னால் எடுக்கும்போது கூடுதல் கட்டணமும் சேரும். வழக்கு வரை போனால் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 50,000 டொலர் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஒரு சின்ன ஷெட்டுக்கு அவ்வளவு தூரம் போவது அரிது. ஆனால் 10க்கு 14 ஷெட்டைச் சாமானோடு இரண்டடி நகர்த்துவதும் லேசான வேலை இல்லை.

வேலை முடிந்ததும் எல்லையிலிருந்து அளந்த தூரங்களை எழுதி, டேப் தெரியும்படி படம் எடுத்து, சர்வேயோடு சேர்த்து வைத்துவிடுங்கள். வீட்டுக் காப்புறுதிக் கம்பனிக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தனித்து நிற்கும் கட்டடங்களுக்கும் அவற்றுக்குள் உள்ள பொருட்களுக்கும் உங்கள் பொலிசியில் எவ்வளவு வரை உண்டு என்று அவர்களையே எழுத்தில் சொல்ல வையுங்கள். புல்வெட்டும் மெஷினும் நாலு டயரும் இரண்டு சைக்கிளும் சேர்ந்தால் ஷெட்டைவிட உள்ளே இருப்பதன் விலை கூடிவிடும்.